சுழலூருக்குப் போன தொட்டில்

பவானியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போவதற்கே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறுகிற ஆள் மாரப்பன். திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதைத் தூரத்தில் நின்று பார்த்தாலே அவனுக்கு வாயில் உமிழ்நீர் சுரந்து குமட்டும். அப்படிப்பட்டவனைப் பிடித்து ஒரு ராட்டினத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டது விதி. காரணம் ஒன்றுதான். அவனுடைய ஒரே தங்கை பூங்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேர் வைக்கும் நாளில் தொட்டில் சீர் கொண்டுபோய்க் கட்டி, முதல் ஆட்டு ஆட்ட வேண்டியவன் தாய்மாமன். பூங்கொடிக்கு வேறு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. அவள் வாக்கப்பட்டுப் போன இடமோ சுழலூர்.

சுழலூர் பூமியில் இல்லை. பூமிக்கு மேலே, வானத்தில் இருக்கிறது. ஒரு பெரிய வண்டிச்சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்புக்குள் தெருக்கள், வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு டீக்கடை. சக்கரம் ஓயாமல் சுற்றுவதால்தான் மனிதர்களின் கால் தரையில் பாவுகிறது. பூமியில் இருக்கிற எடையில் பாதிதான் அங்கே. கட்டியவர்கள் நம்ம ஆட்கள் என்பதால், வானத்தில் குடியிருந்தாலும் திசை இல்லாமல் குடியிருக்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். சக்கரம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் கிழக்கு என்று முடிவாயிற்று. பூமியும் அப்படித்தானே சுற்றுகிறது என்று நியாயம் சொன்னார்கள். அதன்பிறகு வாசலெல்லாம் கிழக்கு பார்த்தது, அடுப்பெல்லாம் தென்கிழக்கு மூலைக்குப் போயிற்று, எல்லோருக்கும் மனசு நிம்மதியாயிற்று.

போகிற வழியில் மாரப்பன் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு இரக்கம் வராது, சிரிப்புத்தான் வரும். விண்கலத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மிதக்கிற இட்லியை எட்டிப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார். மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டில் சேலையும் இரண்டு இரும்புக் கொக்கியும் வைத்த மஞ்சள் பையைக் கட்டிப்பிடித்தபடி, தெரிந்த சாமிகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். சுழலூரில் இறங்கி முதல் அடி வைத்ததும் தலை திரும்பியது, தெரு திரும்பியது, எதிரே சிரித்துக்கொண்டு நின்ற பூங்கொடி இரண்டு பூங்கொடியானாள். தெருப்பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டு அவனை வேடிக்கை பார்த்தன. இவ்வளவு தள்ளாடுகிற மனிதனை அவை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"வீட்டுக்கு அப்புறம் போலாம்ண்ணா. மொதல்ல டாக்டரைப் பார்த்துப்போடணும். வெளியூர் ஆளுக எல்லாரும் வந்ததும் காது பரீட்சை குடுக்கணும்" என்று பூங்கொடி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நிறைமதி சுழலூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அதிகம் போனால் முப்பது வயது இருக்கும். ஊரில் கண்ணுக்கும் காதுக்கும் அவர் ஒருவர்தான் டாக்டர். அவருடைய அறை நடுவில் பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்று இருந்தது. மாரப்பனை அதில் உட்காரவைத்துக் கட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். நாற்காலி இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மெல்லச் சாய்ந்து சாய்ந்து ஆடியது. அந்த நிலையிலும் மாரப்பன் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மறக்கவில்லை.

"நாற்காலியைக் கிழக்கு பார்த்துப் போட்டிருக்கீங்க. ரொம்ப நல்லதுங்க" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அறை அவனைச் சுற்றிப் பறக்க ஆரம்பித்தது.

"போதும், போதும். உங்க கண்ணு கதகளி ஆடுது" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார்.

"காதுப் பரீட்சைன்னாங்க. கண்ணையே பார்த்துட்டு இருக்கீங்களே" என்றான் மாரப்பன், வாயைப் பொத்திக்கொண்டு.

டாக்டருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. மேஜையிலிருந்து தேங்காய் அளவு பெரிய ஒரு பிளாஸ்டிக் காதை எடுத்துப் பிரித்தார். "இது காதுமடல். இதுக்குள்ள போனா செவிப்பறை. அதுக்குப் பின்னால சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு குட்டி எலும்பு. சத்தம் வந்தா செவிப்பறை அதிரும், அது சுத்தியை ஆட்டும், சுத்தி பட்டடையை, பட்டடை அங்கவடியை. கடைசியில இந்த நத்தைச்சுருளுக்குப் போய்ச் சேரும். கேக்கற வேலை அதோட முடிஞ்சுது. இப்ப இங்க பாருங்க. நத்தை தலையில கொம்பு மாதிரி மூணு வளையம் இருக்கா? இதுங்கதான் அரைவட்டக் குழாய்கள். இதுங்களுக்குக் கேக்கற வேலையே கிடையாது. தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்றதுதான் வேலை."

"எப்பிடிங்க சொல்லும்?"

"உள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம். தலை திரும்பினா அது பின்தங்கும். அங்க இருக்கற மயிர்ச்செல்கள் வளையும். உடனே மூளைக்குச் சேதி போகும். மூளை கண்ணுக்குச் சொல்லும், தலை இந்தப் பக்கம் போகுது, நீ அந்தப் பக்கம் போன்னு. அதனாலதான் நீங்க தலையை ஆட்டினாலும் நான் ஆடாம தெரியறேன். இங்க என்ன சிக்கல்னா, ஊரே சுத்துது. தலையும் ஆடி ஊரும் சுத்தினா காது குழம்பிப்போய், நடக்காத ஒரு சுழற்சியை நடக்கறதா சொல்லும். கண்ணு அதை நம்பி ஓடும், வெடுக்குனு திரும்பி வரும், மறுபடி ஓடும். கண்பாவை துடிக்கறது வெளியிலயே தெரியும். விழிநடுக்கம்னு பேரு. காதைத் திறந்து பார்க்க முடியாது. கண்ணு காட்டிக் குடுத்துடும்."

மாரப்பன் பரீட்சையில் தேறவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. விருந்தாளி என்பதால் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு வேறு வழி. அதற்குப் பேர் அமைதி ஊசி.

"செவிப்பறை வழியா ஒரு துளி மருந்து. குழாய்ல இருக்கற மயிர்ச்செல்கள் தூங்கிடும், அப்புறம் எழுந்திருக்காது" என்றார் டாக்டர். "திரவம் பாட்டுக்கு ஓடும், கேக்க ஆள் இருக்காது. கிறுகிறுப்பே வராது. இந்த ஊர்ல எல்லாருக்கும் போட்டாச்சு. எனக்குக் கைக்குழந்தையிலயே போட்டாச்சு. கிறுகிறுப்புன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "எப்படிங்க இருக்கும்?"

மாரப்பன் யோசித்துப் பார்த்தான். "வயித்துக்குள்ள நாலு பசங்க கோலிக்குண்டு விளையாடற மாதிரி இருக்குங்க" என்றான். டாக்டர் அதை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் அங்கே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பூங்கொடியின் கணவன் இளம்பரிதி சக்கரத்தின் அச்சைப் பராமரிக்கிற எஞ்சினியர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதன். குழந்தைக்கு எதிரே ஒரு கலர் விளக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பாதி தூக்கத்தோடு உட்கார்ந்திருந்தான். "வாங்க மச்சான்" என்றவன் எழுந்திருக்கக்கூட மறந்துபோனான்.

மாரப்பன் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு இப்படியும் அப்படியும் அசைந்தான். உலகத்தில் எந்தக் குழந்தையும் அதற்கு மசியும். இது முன்னிலும் ஓங்கி அலறியது.

"ஆட்டாதீங்கண்ணா. ஆட்டினா இன்னும் அழுவுது. இந்த ஊர்ல ஆரும் கொளந்தையை ஆட்டறதே இல்ல. ஊசி போடாத கொளந்தை ஆட்டினா அலறும். ஊசி போட்டுட்டா, ஆட்டறது அதுக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு இவளுக்கும் போட்டுருவாங்க. பேர் வெச்ச கையோட" என்றாள் பூங்கொடி.

மாரப்பனுக்கு மஞ்சள் பை கையில் கனத்தது. "அப்ப நான் எதுக்கு புள்ள இதைச் சுமந்துட்டு வந்தேன்?"

"சீருக்குத்தான். கட்டிப்போட்டு ஒருக்கா ஆட்டுங்க, போட்டோ எடுத்துக்கலாம்."

"போடாம இருக்க முடியாதா?"

"சட்டம்ண்ணா. பரீட்சையில கண்ணு ஆடாம இருந்தா விட்டுருவாங்க. இதுவரைக்கும் ஒரு கொளந்தைக்கும் ஆடாம இருந்ததில்ல." பூங்கொடி குழந்தையை வாங்கிக்கொண்டாள். "நான் வந்த புதுசுல எனக்கும் போட்டாங்களே. கிறுகிறுப்பு நின்னுபோச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுது. கண்ணை மூடினா நான் நிக்கறனா படுத்திருக்கறனான்னு தெரியறதில்ல. ராத்திரி வெளக்கை அணைக்கவே பயமா இருக்கும். அவரு கையைப் புடிச்சுக்குவேன். இவ ஆரு கையைப் புடிச்சுக்குவா?"

பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஒரே காரணத்துக்காக நாற்பது சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாதவன் மாரப்பன். தன் காதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று அவன் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. இப்போது அதே காதுக்காக ஒரு கைக்குழந்தை சார்பில் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் ஆத்திரப்பட்டு என்ன செய்வது? சட்டம் இந்த ஊருடையது, அவன் வெளியூர்க்காரன்.

மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். மாரப்பன் ஊரிலிருந்து கொண்டுவந்த அங்காளம்மன் படத்தை மேற்குச் சுவரில் ஒட்டினான். அம்மன் கிழக்கு பார்க்க வேண்டும் அல்லவா? பிறகு கூரைக்குழாய்களில் கொக்கிகளை மாட்டி, இரண்டுக்கும் நடுவே சேலையைக் கட்டித் தொட்டில் போட்டான். மருமகளைக் கிழக்கே தலைவைத்துப் படுக்கவைத்தான். காதில் மூன்று தரம் "சாரல்" என்று பேர் சொன்னான். சொல்லிவிட்டு முதல் ஆட்டு ஆட்டினான்.

சாரல் அலறிய அலறலில் டீ டம்ளரோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் ஓரடி பின்னே போனார். ஊசிப்பெட்டியோடு வந்திருந்த டாக்டர் நிறைமதி குனிந்து குழந்தையின் இமையை லேசாக உயர்த்தினார்.

"நீங்களே பாருங்க மாமா" என்றார். ஊரே அவனை மாமா என்றுதான் கூப்பிட்டது.

மாரப்பன் பார்த்தான். கறுப்புத் திராட்சை மாதிரி இரண்டு பாவைகளும் ஒரு பக்கமாக நழுவுவதும் வெடுக்கென்று திரும்பி வருவதுமாகத் துடித்தன. நேற்று அவன் பட்ட பாட்டை இந்தப் பொடிசு இப்போது பட்டுக்கொண்டிருந்தது. அவன் கை தானாகத் தொட்டிலை விட்டது. இந்தக் கண்ணைப் பார்த்தபிறகு ஊசி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"இதுக்குத்தான் சொல்றோம். ஒரு நிமிஷம், முடிஞ்சிடும்" என்று டாக்டர் பெட்டியைத் திறந்தார். பூங்கொடி குழந்தை அழுவதைப் பார்க்க மாட்டாமல் சமையல் பக்கம் போய்விட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டரம்மா" என்றான் மாரப்பன்.

"என்ன மாமா?"

அவனுக்கே தெரியாது. நாலு பேர் முகத்தையும் பார்த்தான், தொட்டிலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "கால் அம்மன் பக்கம் நீட்டிட்டு இருக்குதுங்க. பேர் வெச்ச அன்னிக்கே சாமிக்குக் காலை நீட்டினா நல்லாவா இருக்கும்? திருப்பிக் கட்டிப்போடறேன்."

இதில் பாதி பக்தி, பாதி நேரம் கடத்துகிற வேலை. டாக்டருக்கும் அது புரிந்தது. ஆனாலும் தாய்மாமன் சொல்லை மீறி அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேற்கே தலைவைத்தால் தலை அம்மன் பக்கம் போகும், பரவாயில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். மேற்கே தலைவைத்து எங்கள் வீட்டில் யாரும் படுத்ததில்லை என்றான் மாரப்பன். வடக்கே தலைவைக்கிற பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருந்தது தெற்கு ஒன்றுதான். தள்ளாடிக்கொண்டே ஸ்டூலில் ஏறி, இளம்பரிதி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கொக்கி இரண்டையும் கழற்றி வடக்குத் தெற்காக மாட்டினான். சாரலைத் தெற்கே தலைவைத்துப் படுக்கவைத்தான். இதுதான் கடைசி ஆட்டு என்று நினைத்துக்கொண்டான். சேலையைப் பிடித்து மெதுவாக ஆட்டினான்.

அழுகை நின்றது.

சமையல் பக்கத்திலிருந்து பூங்கொடி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "போட்டுட்டீங்களா? அதுக்குள்ள போட்டுட்டீங்களா?"

தொட்டில் போய்ப் போய் வந்தது. சாரல் ஒரு விம்மு விம்மினாள், ஒரு கொட்டாவி விட்டாள், மாமன் முகத்தை உற்றுப் பார்த்தாள். டாக்டர் சிறு டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிலோடு தொட்டிலாக ஆடி ஆடிக் கண்ணைப் பார்த்தார். பாவை இரண்டும் நட்டுவைத்த இடத்தில் நின்றன.

"நிறுத்தாதீங்க" என்றார். பிறகு, "நிறுத்துங்க" என்றார். பிறகு, "மறுபடி கிழக்க கட்டுங்க" என்றார்.

கிழக்கே கட்டினார்கள். சாரல் அலறினாள், கண் ஓடியது. தெற்கே கட்டினார்கள். சாரல் அடங்கினாள், கண் நின்றது. இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை சாரலுக்கே அலுத்துப்போய் அலறலில் ஒரு கோபம் தெரிந்தது. மாரப்பன் ஸ்டூலில் ஏறி இறங்கியதில் தன் தலை சுற்றுவதையே மறந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் டீயை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

இளம்பரிதி திடீரென்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். "கொக்கியை வடக்குத் தெற்கா மாட்டினதும், ஊர் சுத்தற வாக்கிலயே தொட்டிலும் ஆடுது. கிழக்கு மேற்கா. அதான். ஒரே அச்சு டாக்டர். ஊர் எந்த அச்சுல சுத்துதோ அதே அச்சுல தொட்டிலும் ஆடினா, காதுக்கு ரெண்டும் கலக்காது. குறுக்க ஆடினாத்தான் ரெண்டு சுழற்சியும் மோதி, இல்லாத மூணாவது சுழற்சி ஒண்ணு கிளம்பும். பதினாறு வருஷமா அச்சுக்கு எண்ணெய் போடறேன், இது எனக்குத் தோணல பாருங்க."

"அப்படின்னா கிழக்கு பார்த்த எங்க நாற்காலியும் குறுக்க" என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அந்த ஊர்வலத்தைச் சுழலூர் இன்றைக்கும் பேசும். முன்னால் குழந்தையோடு டாக்டர், பின்னால் செருப்பில்லாமல் பூங்கொடி, ஸ்பானரோடு இளம்பரிதி, அவனுக்குப் பின்னால் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றையும் தழுவித் தழுவி மாரப்பன், அவனுக்குப் பின்னால் என்ன விஷயம் என்றே தெரியாமல் டீக்கடைக் கூட்டம் முழுவதும். டாக்டர் அறையில் இளம்பரிதி நாற்காலியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினான். எல்லோரும் சேர்ந்து தூக்கி அதைத் தெற்கு பார்க்கத் திருப்பினார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பூங்கொடி உட்கார்ந்தாள். நாற்காலி இடமும் வலமுமாகச் சாய்ந்து ஆடியது. டாக்டர் சாரலின் கண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பாஸ்" என்றார். "ஊசி இல்ல."

டீக்கடைக் கூட்டம் எதற்கு என்று தெரியாமலே கைதட்டியது. பூங்கொடி சிரித்தாள், அழுதாள், கட்டியிருந்த வாரை அவிழ்க்காமலே எழுந்திருக்கப் பார்த்தாள். மாரப்பன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் அறை சுற்றினால் சுற்றிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

"ஆனா பெருசானா எல்லாப் பக்கமும் தலையைத் திருப்புவாளே. அப்ப என்ன பண்றது?" என்று கேட்டான் இளம்பரிதி. எஞ்சினியர் புத்தி எங்கே போகும்?

"காது கத்துக்கும். பூமியில கப்பல்ல போறவங்களுக்குப் பழகற மாதிரி. முதல்ல சுலபமான பக்கம் ஆட்டணும். அப்புறம் மெல்ல மெல்ல மத்த பக்கம்" என்றார் டாக்டர். "நாம என்ன பண்ணினோம்? முதல் நாளே கஷ்டமான கேள்வியைக் கேட்டுட்டு, எல்லாரையும் ஃபெயில் ஆக்கிட்டோம்."

"இந்த நாற்காலியைக் கிழக்கு பார்த்து ஆரு போட்டாங்க?" என்று கேட்டாள் பூங்கொடி.

"முதல் டாக்டர். எனக்குச் சொல்லிக் குடுத்தவர். ரொம்ப நல்ல மனுஷன். வைத்தியம் பண்ற இடம், மங்களகரமா இருக்கட்டும்னு கிழக்கு பார்த்துப் போட்டாராம்."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. மாரப்பனுக்கு நேற்றுத் தான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து காது சூடாகியது. வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தோடு ஓடிவந்திருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நிறைமதி கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்த மருந்துச் சீசாவை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். பாதி வெளியே சிந்தியது.

"அந்த மயிர்ச்செல்லு மறுபடி முளைக்காதுங்களா?" என்று மாரப்பன் கேட்டான்.

"கோழிக்கு முளைக்கும்" என்றார் டாக்டர். "நிஜமாத்தான். கோழிக்கு, குருவிக்கு எல்லாம் செத்துப்போனாலும் திரும்ப முளைக்கும். மனுஷனுக்கு முளைக்காது."

"கோழிக்குக் குடுத்து வெச்சிருக்குது" என்றான் மாரப்பன்.

சாயங்காலம் வீட்டில் கூட்டம் கலைந்தபின் டாக்டர் நிறைமதி தனியாக வந்தார். சாரல் தொட்டிலில் பால் குடித்த வாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் எதையோ பரிசோதிக்கிற மாதிரி தொட்டில் சேலையை இழுத்துப் பார்த்தார், கொக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்னைத் தாங்குமா?" என்றார்.

மாரப்பனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "இங்க எல்லாரும் பாதி கனந்தானுங்க. தாராளமா தாங்கும்."

பூங்கொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு சேலைக்குள் ஏறி, தெற்கே தலைவைத்துப் படுத்தார். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாரப்பன் ஆட்டினான். டாக்டர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரை போய்ப் போய் வருவதைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியுதுங்களா?" என்றான் மாரப்பன்.

"இல்ல. எதுவுமே தெரியல. ஆட்டறீங்களா?"

"ஆட்டறேனுங்க."

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் கையைத் தூக்கித் தன் காதுமடலைத் தொட்டுக்கொண்டார். "இங்க மட்டும் சில்லுனு ஒரு காத்து வருது. அப்புறம் நின்னுடுது. அப்புறம் வருது."

"அது ஆடறதால வர்ற காத்துங்க."

டாக்டர் அதைக் கவனித்துக்கொண்டு படுத்திருந்தார். மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் இரண்டும் அசையாமல் இருந்தன. அவற்றின் ஓரத்தில் நீர் கோத்து, காதுப் பக்கமாக வழிந்தது. மாரப்பன் ஆட்டுகிற வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்திப்போடட்டுங்களா?"

"சாரலுக்குத் தெரியுதுல்ல?" என்று கேட்டார் டாக்டர், கண்ணைத் திறக்காமல். "அவளுக்கு ஆடறது நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க. நல்லாத் தெரியுதுங்க."

"அப்ப சரி. இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க மாமா."